திருப்புவதற்கு முன் ஒரு கோடு

மூன்று வருடங்களுக்கு முன், கண்டியில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது. அப்போது நான் தாதி வேலைக்கு வந்து இருபத்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. தன்னைப் பற்றித் தானே பெருமை பேசக்கூடாது என்பார்கள். பரவாயில்லை, நான் பேசப்போகிறேன். அந்தப் பெருமையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது.

என் பெருமை இதுதான்: நான் இடம் வலம் மாறமாட்டேன்.

இதென்ன பெரிய வித்தை, சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று நினைப்பீர்கள். தாதிப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் மாதம் படும் பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். நோயாளி நமக்கு எதிரே இருக்கும்போது அவருடைய வலது கை நம்முடைய இடது கைப் பக்கம் இருக்கும். புத்தகத்தில் 'வலது' என்று எழுதியிருந்தால் அது எப்போதும் நோயாளியின் வலதுதான், பார்ப்பவரின் வலது அல்ல. வாயால் ஒப்புவிக்கச் சொன்னால் எல்லோரும் ஒப்புவிப்பார்கள். கட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "வலது முழங்காலைத் தொட்டுக் காட்டு" என்றால் பாதிப்பேர் தங்கள் வலது கை நீளும் பக்கத்தையே தொடுவார்கள். டொக்டர்மாரே ஒரு விநாடி நின்று தங்கள் கையைப் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நான் அப்படி நின்றதே இல்லை. படித்த காலத்திலும் சரி, பிறகும் சரி, யோசிக்காமலே என் கை சரியான பக்கத்துக்குப் போகும்.

இதற்குக் காரணம் என் மூளை அல்ல, எங்கள் கோயில்.

நான் கடுகண்ணாவையில் இருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறேன். பத்தொன்பது வயதில் இருந்து எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்குவது என் வேலை. பிள்ளைகள் நமக்கு எதிரே நிற்பார்கள். நான் வலது கையால் போட்டுக் காட்டினால் அவர்கள் என்னைப் பார்த்து இடது கையைத் தூக்குவார்கள். அதனால் எல்லா மறைக்கல்வி ஆசிரியர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் இடது கையைத் தூக்கி, "வலது கை" என்பேன். நெற்றி, நெஞ்சு. பிறகு என் வலது தோளைத் தொட்டு "இடது தோள்" என்பேன், இடது தோளைத் தொட்டு "வலது தோள்" என்பேன். கண்ணாடி மாதிரி. பிள்ளைகள் அப்படியே பார்த்துச் சரியாகப் போடுவார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில், முன்னால் ஒரு ஆள் இருந்தால் என் தலைக்குள் இடமும் வலமும் தானாகவே மாறிக்கொள்ளும். ஒருதரம் பூசை நேரத்தில் இடது கையால் சிலுவை போட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தால் மாணவத் தாதியருக்கு உடம்பின் திசைகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வார்டில் என் தலையில் விழுந்தது. நானும் அதை விருப்பத்தோடுதான் சுமந்தேன். ஒரு ஆள் நேராக நின்று, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டினால், அங்கிருந்துதான் எல்லாத் திசையும் தொடங்கும். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்தால் மீடியல், தள்ளி இருந்தால் லேட்டரல். இவ்வளவும் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள். உடம்பு அசையும் தளங்களுக்கு வரும்போதுதான் முழி பிதுங்கும். உடம்பை இடம் வலமாகப் பிரிக்கும் தளம் ஒன்று, முன் பின்னாகப் பிரிக்கும் தளம் ஒன்று, மேல் கீழாகப் பிரிக்கும் தளம் ஒன்று. புத்தகத்தில் கண்ணாடித் தகடு செருகிய மனிதனின் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு இன்னும் குழம்பும்.

நான் படத்தை மூடிவைத்துவிட்டுத் தலையை ஆட்டச் சொல்வேன். "ஆம்" என்று மேலும் கீழும் ஆட்டுங்கள், அது முதலாவது தளத்தில் நடக்கும் அசைவு. "சரி சரி, பார்ப்போம்" என்று ஒரு தோளுக்கும் மற்றத் தோளுக்கும் சாய்த்து ஆட்டுகிறோமே, அது இரண்டாவது. "இல்லை" என்று பக்கவாட்டில் திருப்பினால் அது மூன்றாவது. எங்கள் நாட்டில் "சரி சரி" ஆட்டம் தெரியாத ஆள் யார்? சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து தலையாட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு பரீட்சையில் ஒருத்தரும் பிழைவிடுவதில்லை. இதுவும் என் பெருமைக் கணக்கில்தான் சேரும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முந்திய இரண்டு நாளும் கோயிலில், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு முதல் நன்மை ஆயத்த வகுப்பு. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் இருந்து மாலை வரை பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இடது கையைத் தூக்கி "வலது கை, வலது கை" என்று கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அந்தத் தொண்டையோடுதான் வேலைக்கு வந்தேன்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் பிலிமத்தலாவையைச் சேர்ந்த ஒரு தையல்காரர் இருந்தார். முஸ்லிம் ஆள், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பெரிய வீதியில் சின்னக் கடை வைத்து பாடசாலைச் சீருடை தைப்பவர். மூன்று வாரமாகக் காய்ச்சல், கடைசி வாரம் மூச்சு முட்டத் தொடங்கி, இரண்டு சொல் பேசினால் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். வலது பக்கத்தில் சுவாசப்பைக்கு வெளியே தண்ணீர் கட்டியிருந்தது. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் தெளிவாகத் தெரிந்தது. அன்று காலை முதுகுப் பக்கத்தால் ஊசி போட்டு அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டும்.

"பயப்படாதீங்க தம்பி. தண்ணி எடுத்த உடனே மூச்சு லேசாகும்" என்றேன்.

"பயமில்ல மிஸ். இஸ்கூல் தொறக்க ரெண்டு கெழமதான் ஈக்கிது. வெட்டின துணியெல்லாம் கடையில அப்படியே கெடக்கு" என்றார், நடுவில் இரண்டுதரம் நின்று.

சேலைன் ஏற்றும் ஊசியை நானே அவருடைய இடது கையில் போட்டிருந்தேன். தண்ணீர் கட்டிய வருத்தம் வலப்பக்கம், அந்தப் பக்கத்தில் இன்னொரு தொல்லை வேண்டாம் என்று யோசித்துத்தான் இடது கையை எடுத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன யோசனைதான் பிறகு எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது.

டொக்டர் வந்து, தையல்காரர் படுத்திருக்கும்போதே அவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். இளம் டொக்டர், நல்ல கவனமான ஆள். முந்தின இரவும் விடிய விடிய வேலை பார்த்தவர் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆளை எழுப்பி உட்காரவைத்துத் துடைத்து ஆயத்தப்படுத்துங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து நான்கு மாணவிகள் வந்து நின்றார்கள். இரண்டு சிங்களப் பிள்ளைகள், இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். என்னால் சும்மா இருக்க முடியுமா? ஆளைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தேன். முன்னால் சாப்பாட்டு மேசையை இழுத்துத் தலையணை போட்டு அதில் குனிந்து சாய்ந்துகொள்ளச் சொன்னேன். அவருடைய முதுகு எங்கள் பக்கம் இருந்தது. உடனே பாடம் தொடங்கிவிட்டேன்.

"பாருங்க பிள்ளைகளா, இப்ப நாம போஸ்டீரியர் பக்கம் நிக்கிறோம். இது நடுக்கோடு. இதிலிருந்து லேட்டரலா வந்தா விலா. எந்தப் பக்கம்? வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். பழுப்பு நிற மருந்தை வட்டம் வட்டமாக, உள்ளிருந்து வெளியே, புத்தகத்தில் படம் எடுத்துப் போடலாம் என்ற அழகோடு துடைத்தேன். நடுவில் துளை வைத்த பச்சைத் துணியை எடுத்து, துளை சரியாக அந்த இடத்தில் வரும்படி மூடினேன். பிள்ளைகள் நான்கு பேரும் "சரி சரி" என்று தலையைச் சாய்த்து ஆட்டினார்கள்.

நான் துடைத்தது இடது பக்கம்.

எப்படி என்று கேட்பீர்கள். முன்னால் ஒரு ஆள், சுற்றிலும் பிள்ளைகள், வாயில் பாடம். என் தலை கோயில் வகுப்புக்குப் போய்விட்டது. இடத்தையும் வலத்தையும் தானாக மாற்றிக்கொண்டது. எதிரே முகம் காட்டி இருக்கிற ஆளுக்கு மாற்றினால் சரி. முதுகு காட்டி இருக்கிற ஆளுக்கு எதற்கு மாற்ற வேண்டும்? அவருடைய வலது, என் வலது பக்கமேதான் இருக்கிறது. இத்தனை வருடமும் என்னைக் காப்பாற்றிய பழக்கமே அன்று என் காலை வாரியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கிக்கொண்டே சறுக்கியது.

டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே படம் வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்தது. அதை ஒருதரம் பார்த்தார். முதுகை ஒருதரம் பார்த்தார்.

இங்கே இன்னொரு பொல்லாத விஷயம் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தை நாங்கள் எப்போதும் நோயாளி நமக்கு எதிரே முகம் காட்டி நிற்பது போலத்தான் மாட்டிப் பார்ப்போம். அதனால் அவருடைய வலப்பக்கத் தண்ணீர் படத்தில் நமது இடது பக்கம் வெள்ளையாகத் தெரியும். பச்சைத் துணியின் துளையும் நமது இடது பக்கம் இருந்தது. களைத்த கண்ணுக்கு இரண்டும் அச்சாகப் பொருந்தியிருக்கும்.

"தகுணு பெத்த நேத, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார். வலப்பக்கம்தானே என்று.

"ஓவ் சேர்" என்றேன், ஆமாம் என்று. யோசிக்கவே இல்லை. நான்தான் யோசிக்காமலே சரியாகச் சொல்கிற ஆளாயிற்றே.

அவர் அந்த இடத்தை மரக்கச் செய்யும் விறைப்பு மருந்தை ஊசியில் இழுக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் நோயாளி அசையாமல் இருக்க, யாராவது முன்னால் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாணவி ஒருத்தியை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் தமிழ் பேசுகிற ஆள், பயத்தில் இருக்கிறார், நான் பேசிக்கொண்டிருந்தால் தைரியமாக இருக்கும் என்று நானே கட்டிலைச் சுற்றி முன்பக்கம் போனேன். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன்.

"அசையாம இருங்க தம்பி. சின்னதா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பழுப்பு மருந்து ஒரு கோடாக விலாவைச் சுற்றி முன்பக்கத்துக்கு வழிந்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வழிந்த மருந்துக்குப் பக்கத்தில் இருந்த கையில் சேலைன் ஊசி இருந்தது.

சேலைன் ஊசியை நான் நல்ல பக்கத்தில் அல்லவா போட்டேன்?

ஐயோ, அந்த ஒரு விநாடியை எப்படிச் சொல்வது? முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் என் பழக்கம் மறுபடியும் சரியாக வேலை செய்தது. இந்தக் கை இடது கை. மருந்து வழிந்த பக்கம் இடது பக்கம். அங்கே தண்ணீர் இல்லை. இந்த மனிதன் மூச்சு விடுவதே அந்த ஒரு சுவாசப்பையை நம்பித்தான். ஊசி அதில் போனால்?

"பொட்டக் இன்ன சேர்!" என்று கத்தினேன். பொறுங்க சேர் என்று. கட்டின தொண்டையில் இருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டொக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் என் மனம் ஒரு பொய்யை நீட்டியது. 'துணி நழுவிவிட்டது சேர், சரிப்படுத்துகிறேன்' என்று சொன்னால் போதும். பின்னால் போய்த் துணியை எடுத்து, மற்றப் பக்கத்தைத் துடைத்து, திரும்ப மூடிவிடலாம். நோயாளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. டொக்டர் நம்புவார். பிள்ளைகளும் நம்புவார்கள். இருபத்து நான்கு வருடப் பேருக்கு ஒரு கீறலும் விழாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல்.

நான் பிடித்திருந்த கைகள் என் கையை இறுக்கிப் பிடித்தன. அவர் குனிந்தபடி இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கத்தியது மட்டும்தான் கேட்டிருக்கிறது. அந்தப் பிடியில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"என் பிழை சேர். நான் இடது பக்கத்தைத் துடைத்து மூடியிருக்கிறேன். வருத்தம் வலது பக்கம். நீங்கள் கேட்டபோதும் பிழையாகத்தான் சொன்னேன்" என்றேன் சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அதையே தமிழில் அந்தத் தம்பிக்கும் சொன்னேன்.

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். படத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் திரும்பத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும், மிஸ்" என்று மட்டும் சொன்னார். ஊசி போடுவதற்கு முன் அவரே கண்டுபிடித்திருப்பாரா, இல்லையா, யாருக்குத் தெரியும்? கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் என்னால் நிம்மதியாக இருக்க முடிகிறது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினோம். டொக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், நோயாளியிடமே எந்தப் பக்கம் நோகிறது என்று கேட்டுக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னார். வலது பக்கத்தில் ஊசி போனது. பால் ஊற்றாத இளந்தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி நீளமாக ஒரு மூச்சு இழுத்து விட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு இழுத்த முழு மூச்சோ! "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் எனக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன். எந்தக் கையால் என்று கேட்காதீர்கள்.

நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யாரும் கேட்கும் முன்னால் நானே எழுதி வார்டு சிஸ்டரிடம் கொடுத்தேன். பிறகு மாணவிகளைத் தேடிப் போனேன். மருந்து அறையில் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் தெல்தெனியப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, அழுதிருந்தாள்.

"நீ ஏன் அழுகிற? பிழை விட்டது நான்தானே" என்றேன்.

"மிஸ், நான் கண்டேன். நீங்க துடைக்கிறப்பவே எனக்கு இடது பக்கம்னு பட்டுச்சு."

"அப்ப ஏன் வாய் தொறக்கல?"

"நீங்க பிழைவிட மாட்டீங்களே மிஸ். எனக்குத்தான் மாறிப்போச்சுன்னு நெனச்சேன். அதான் சரி சரின்னு தலையாட்டினேன்."

டொக்டர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நான்கு பிள்ளைகளுக்கு மூன்று தளங்களிலும் தலையாட்டப் பழக்கிய மகாராணி நான். ஆனால் 'இல்லை' என்கிற மூன்றாவது ஆட்டத்தை என் முன்னால் ஆட்டும் தைரியத்தை அவர்களுக்கு நான் கொடுத்திருக்கவில்லை. என் பெருமை அவ்வளவு பெரிதாக, அவர்கள் கண்ணையே அவர்கள் நம்பாத அளவுக்கு, குறுக்கே நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன்.

மத்தியானம் அந்தத் தையல்காரரிடம் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவி கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் இன்னொருதரம் முழுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மனைவியின் முகம் கறுத்தது. அது நியாயம்தான். அவர் மட்டும் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், நான் செல்றத கேளுங்க. போன வருஷம் ஒரு மாப்பிளக் கோட்டுக்கு ரெண்டு வலது கை வெட்டினேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே கையை அசைத்துக் காட்டினார். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஒன்று இடது கையாகவும் மற்றது வலது கையாகவும் தானாக வந்துவிடுமாம். விலை கூடின துணியில் மிச்சம் பிடிக்க நினைத்து, விரித்துப் போட்டு ஒவ்வொன்றாக வெட்டினால், இரண்டாவது தரம் அளவுக் கடதாசியைப் புரட்டிப் போட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டும் ஒரே கைதான். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளையைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு கை முன்பக்கம் வளைய, மற்றக் கை பின்பக்கம் வளைந்து நின்றதாம். அதை அவர் நடித்துக் காட்டியபோது, முகம் கறுத்திருந்த மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்பிளக்கி என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்த செல்ற? எம் பிழதான்னு செல்லிட்டு, ராவெல்லாம் முழிச்சிருந்து புதுசா தச்சுக் குடுத்தேன். அதுக்குப் பொறகு துணிய பொரட்ட முந்தி சோக்குக் கட்டியால ஒரு கோடு போட்டுக்குவேன். எங் கண்ண நான் நம்புறதில்ல, கோட்டத்தான் நம்புற." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க செல்லாட்டி எங்களுக்குத் தெரியவா போவுது? வந்து சென்னீங்களே, அது போதும் மிஸ்."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சோக்குக் கோடுதான் மனதில் ஓடியது. புரட்டுவதற்கு முன் ஒரு கோடு. எவ்வளவு சின்ன விஷயம்! நான் அவரை உட்காரவைத்துத் திருப்புவதற்கு முன், முகத்துக்கு முகம் இருக்கும்போதே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. இந்த மாதிரி அடையாளம் போட வேண்டும் என்று சத்திரசிகிச்சைக் கூடத்தில் எல்லாம் எப்போதோ விதி வந்துவிட்டது. எங்கள் வார்டிலும் தாளில் இருந்தது. தாளில் இருப்பதைக் கையில் எடுக்க எனக்கு இப்படி ஒரு அடி தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாளே வார்டு சிஸ்டரிடம் பேசினேன். நோயாளி நமக்கு எதிரே இருக்கும்போதே அவரையே கையால் தொட்டுக் காட்டச் சொல்வது. அந்த இடத்திலேயே அழியாத பேனாவால் கோடு போடுவது. கோடு போடாமல் யாரையும் முதுகு திருப்பி உட்காரவைப்பதில்லை. பேனாதான், ஆனால் எனக்கு வாயில் வந்ததென்னவோ 'சோக்'. "சோக் போட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் சிங்களத் தாதிமாரும் "சோக் தெம்மாத?" என்று கேட்டார்கள். டொக்டர்மாரும் கேட்டார்கள். கட்டில் தள்ளுகிறவர்கூடக் கேட்டார். பக்கத்து வார்டில் இருந்து வந்தவர்கள், இதென்ன புது மருந்தா என்று விசாரித்தார்கள்.

மாணவிகள் ஒவ்வொரு தொகுதி வரும்போதும் இப்போது என் முதல் பாடம் ஆன்டீரியர், போஸ்டீரியர் அல்ல. அந்தத் திங்கட்கிழமைதான் முதல் பாடம். ஒரு சொல் மறைக்காமல், நாக்கு நுனிக்கு வந்த பொய்யையும் சேர்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் தலையாட்டல். மூன்றாவது ஆட்டத்தை மட்டும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக என் முகத்தைப் பார்த்து ஆட்ட வேண்டும். முதலில் கூச்சப்படுவார்கள். கழுத்து சுளுக்கினாலும் பரவாயில்லை, ஆட்டுங்கள் என்பேன்.

அந்தத் தையல்காரர் சுகமாகி வீட்டுக்குப் போனார். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் வார்டுக்கும் ஒருநடை வந்து எட்டிப் பார்ப்பார். "ரெண்டு கையும் சரியா ஈக்கிதா?" என்று நான் கேட்பேன். "சுவாசப்பையும் ரெண்டும் சரியா ஈக்கிது மிஸ்" என்பார்.

போன மாதம் ஒரு காலை, வார்டு நிறைந்து வழிந்தது. முதுகுப் பக்கத்தில் ஒரு கட்டி வெட்ட வேண்டிய நோயாளி. நான் அவசரத்தில் அவரைக் குப்புறப் படுக்கத் திருப்பப் போனேன். கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்ற மாணவி, வந்து இரண்டு கிழமை ஆகாதவள், என் கையின் மேல் தன் கையை வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்து, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள்.

"சோக் போடல மிஸ்."

வார்டு என்றும் பார்க்காமல் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். இருபத்து நான்கு வருடம் பிழைவிடாத தாதி என்று நான் தூக்கித் திரிந்த பெருமையை விட, நான் பிழைவிடப் போகும்போது என்னை நிறுத்த ஒரு பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறது என்ற இந்தப் பெருமையைத்தான், ஓய்வு பெற்றுப் போகும் நாளில் கடுகண்ணாவைக்கு என்னோடு எடுத்துக்கொண்டு போவேன்.